கவுண்ட் இறங்கிய நாட்களில் வரும் காய்ச்சல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழில் ரத்தப் புற்றுநோய் பற்றி வெளிவரும் கட்டுரைகளையும் செய்திகளையும் கடந்த மூன்று ஆண்டுகளாக வெட்டியெடுத்து ஒரு நோட்டில் ஒட்டி வைத்து வருகிறேன். புதிய மருந்துகள், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை, இந்த வகை என்றால் நூற்றுக்கு இத்தனை பேர் பிழைக்கிறார்கள், அந்த வகை என்றால் இத்தனை பேர் என்ற கணக்கு எல்லாம் அவற்றில் இருக்கின்றன. சிகிச்சையின் நடுவே நோயாளியின் எதிர்ப்பாற்றல் அடியோடு இறங்கிப்போகும் இரண்டு மூன்று வாரங்களை மட்டும், தொற்று ஏற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரே வரியோடு அவை கடந்துவிடுகின்றன. பிழைப்பு விகிதம் என்று நாம் படிக்கும் அந்த எண் பல நோயாளிகளின் விஷயத்தில் அந்த வாரங்களில்தான் முடிவாகிறது என்பது என் தம்பியை இழந்த பிறகே எனக்கு விளங்கியது. ஆகவே இந்தக் கடிதம் சற்று நீளும்; பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தம்பிக்கு வயது 39. இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருந்தான். ஈறில் ரத்தக் கசிவு, ஓயாத அசதி என்று மருத்துவரிடம் போனவனுக்கு, ஏ.எம்.எல். என்று சுருக்கிச் சொல்லப்படும் தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில் சைட்டராபின் ஏழு நாள், டானோரூபிசின் மூன்று நாள் என்று முதல் சுற்று கீமோ கொடுத்தார்கள். முப்பத்தைந்து நாட்கள் அங்கேயே இருந்தோம். ரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் ‘கவுண்ட்’ என்ற சொல் எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்தது அப்போதுதான். விடியற்காலையில் ரத்தம் எடுத்துப் போவார்கள், மதியத்துக்குள் ரிப்போர்ட் வந்துவிடும், “இன்னைக்குக் கவுண்ட் எவ்வளவு?” என்று வார்டில் ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குக் கேட்டுக்கொள்வார்கள். வெள்ளையணுக்களில் நியூட்ரோபில் என்ற வகைதான் கிருமிகளை முதலில் எதிர்கொள்கிறது. நலமாக இருப்பவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் அது 1,500க்கு மேல் இருக்கும். 500க்குக் கீழே இறங்கினால் ஆபத்து, 100க்குக் கீழே போனால் பேராபத்து. தம்பிக்கு ஒன்பது நாட்கள் அது 100ஐத் தாண்டவே இல்லை. இருமுறை காய்ச்சல் வந்தது. இருமுறையும் செவிலியர்கள் மணிக்கட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்து ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள், அவன் மீண்டான். கவுண்ட் ஏறியதும் மஜ்ஜையைச் சோதித்துவிட்டு ‘ரெமிஷன்’ என்றார்கள். நுண்ணோக்கியில் தெரியும் அளவில் நோய் அடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். அன்று அவனுடைய மனைவி வார்டில் இருந்த எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தாள்.

அடங்கிய நோய் திரும்பாமல் இருப்பதற்காக இரண்டாம் சுற்று மருந்தை அதிக அளவில் செலுத்தி, ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிய நோயாளிகளுக்கே கட்டில் கிடைக்காத வார்டுகளில் அதுதான் நடைமுறை. பதின்மூன்றாம் நாள் இரவு எட்டரை மணிக்கு அவனுக்குக் குளிர்நடுக்கம் கண்டது. இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடும் அளவுக்கு உடம்பு வெடவெடத்தது. வெப்பமானியில் 101.2 காட்டியது. சிகிச்சை பெற்ற மருத்துவமனை நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்ததால், பக்கத்து ஊரில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு ஆட்டோவில் அழைத்துப் போனோம். சீட்டு போட்டு வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த மருத்துவர், தொண்டையில் சிவப்பு இல்லை, இருமல் இல்லை, நெஞ்சு தெளிவாக இருக்கிறது, ஊரெங்கும் பரவிவரும் வைரல் காய்ச்சல்தான் என்று சொல்லி, இடுப்பில் ஒரு பாராசிட்டமால் ஊசி போட்டு, காலையில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். காய்ச்சலும் இறங்கியது. நிம்மதியாக வீடு திரும்பினோம். விடியும்போது கை கால்கள் சில்லிட்டிருந்தன, பேச்சு குழறியது. அதே மருத்துவமனையில் பார்த்தபோது ரத்த அழுத்தத்தை அளக்கவே முடியவில்லை. நான்காம் நாள் அவன் போய்விட்டான். ரத்தத்தில் கிளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்திருந்தது என்ற அறிக்கை அதற்கு மறுநாள் வந்து சேர்ந்தது. ரத்தப் புற்றுநோயால் இறந்தான் என்றுதான் ஊரார் சொல்கிறார்கள். இறந்தபோது அவனுடைய மஜ்ஜையில் கண்ணுக்குத் தெரியும் நோய் இல்லை.

அந்த இளம் மருத்துவர் அலட்சியமாகப் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. தொண்டை, நெஞ்சு, வயிறு எல்லாவற்றையும் சோதித்தார், பார்த்ததைத்தான் சொன்னார். இந்த நோயாளியிடம் அந்த அடையாளங்களைத் தேடக் கூடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தொண்டை சிவப்பதும் புண்ணில் சீழ் கோப்பதும் நெஞ்சில் சளி கட்டுவதும் வெள்ளையணுக்கள் கிருமியோடு போராடுவதால் உண்டாகும் விளைவுகள். போராட அணுக்களே இல்லாதவருக்குச் சீழ் வராது. நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே தெளிவாக இருக்கலாம். சிறுநீரில் தொற்று இருந்தும் சீழணுக்கள் தென்படாமல் போகலாம். அப்படிப்பட்டவருக்குக் காய்ச்சல் ஒன்றே அறிகுறி. சில நேரங்களில் அதுவும் இருக்காது. வெறும் தளர்ச்சியும் குழப்பமும்தான் இருக்கும். எங்களுக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்ட ‘தெளிவான நெஞ்சு’ உண்மையில் அவனுடைய மஜ்ஜை வெறுமையாகிவிட்டதற்கான சான்று. இதை எனக்குப் பின்னர் விளக்கிய மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். அந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வருவதில்லை. நோயாளியின் குடலிலேயே காலங்காலமாகக் குடியிருப்பவை. கீமோ மருந்து வாய் முதல் ஆசனவாய் வரையிலான உள்தோலைப் புண்ணாக்குகிறது. அந்தப் புண் வழியே அவை ரத்தத்துக்குள் இறங்குகின்றன. தடுக்க வேண்டிய அணுக்கள் அந்த வாரத்தில் இல்லை. வீட்டை எத்தனை முறை டெட்டால் ஊற்றித் துடைத்தாலும் இதைத் தடுக்க முடியாது. வீட்டைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லையோ என்று இன்றுவரை தன்னையே நொந்துகொள்ளும் என் தம்பி மனைவியைப் போன்றவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவை புதிதாகக் கண்டறியப்பட்ட உண்மைகள் அல்ல. தீவிர ரத்தப் புற்றுநோயாளிகள் 52 பேரின் ரத்த அணுக் கணக்கையும் அவர்களுக்கு வந்த தொற்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நியூட்ரோபில் எவ்வளவு இறங்குகிறதோ, எத்தனை நாள் இறங்கியே கிடக்கிறதோ, அந்த அளவுக்குத் தொற்று கூடுகிறது என்பதை ஜெரால்டு போடியும் அவருடைய சகாக்களும் 1966லேயே அமெரிக்காவில் எழுதிவிட்டார்கள். கிருமியைக் கல்ச்சரில் வளர்த்து, பெயர் தெரிந்துகொண்டு மருந்து கொடுப்பதற்குள் நோயாளி இறந்துபோவது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. 1971இல் ஸ்டீபன் ஷிம்ஃப் குழுவினர் அந்த வரிசையை மாற்றினார்கள். காய்ச்சல் கண்டவுடன் முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்குவது, கல்ச்சர் முடிவு வந்த பின் மருந்தைத் திருத்திக்கொள்வது என்ற அவர்களது முறைதான் இன்று உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. ஒருமுறை 101 பாரன்ஹீட், அல்லது ஒரு மணி நேரத்துக்கு மேல் 100.4 காட்டினால் அது அவசர நிலை; வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும். எங்கள் ஆட்டோ அந்த மருத்துவமனை வாசலில் நின்றபோது, முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கும் முறைக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

என் தம்பிக்கு நேர்ந்தது தனி ஒருவனின் துரதிர்ஷ்டமா என்று அறிந்துகொள்ள விரும்பி, ஒரு மருத்துவ மாணவியின் உதவியோடு ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கினேன். அவற்றில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஒன்று. ஆய்வுக் காலத்தில் அங்கே ஏ.எம்.எல். என்று புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 380 பேர். அவர்களின் நடு வயது 40. முறையான முழுச் சிகிச்சைக்கு முன்வந்தவர்கள் 109 பேர் மட்டுமே. மற்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பணம் இல்லாததால் திரும்பிப் போனார்கள். சிகிச்சையைத் தொடங்கிய அந்த 109 பேரில் 27 பேர் முதல் சுற்றிலேயே இறந்தார்கள். அந்த 27 மரணங்களில் 12, பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத குடல்வகைக் கிருமிகளால் நேர்ந்தவை. 12 பேரிடம் பூஞ்சைத் தொற்றுக்கான சான்று இருந்தது. நிலத்தையும் நகையையும் விற்று, பணத் தடையைத் தாண்டி வந்தவர்களிலும் நால்வரில் ஒருவர் முதல் சுற்றைத் தாண்டவில்லை; அந்த மரணங்களில் பலவற்றின் பின்னால் கிருமியும் பூஞ்சையும் இருந்தன. இந்தத் துறையில் நாட்டின் மிக அனுபவம் வாய்ந்த மருத்துவமனைகளில் ஒன்றின் கணக்கு இது. தன் மரணங்களை மறைக்காமல் எழுதியதற்காகவே அந்த மருத்துவர்களை நான் வணங்குகிறேன். அவர்கள் எழுதியதால்தான் இந்தக் கடிதத்தை எழுத எனக்குத் துணிவு வந்தது.

அதே மருத்துவமனையின் இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் படித்தால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. ஏ.எம்.எல். நோயிலேயே ஏ.பி.எல். என்று ஒரு துணை வகை உண்டு. அதற்கு வழக்கமான கீமோவைத் தவிர்த்து ஆர்சனிக் ட்ரையாக்சைடு என்ற ஒற்றை மருந்தை 72 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தவர்கள் ஏறத்தாழ 86 சதவீதம். நம் மருத்துவத்தில் பாஷாணம் என்று அஞ்சப்பட்ட பொருள்தான் அந்த மருந்தின் மூலம். மஜ்ஜையை முழுவதும் துடைத்தெடுக்காத மருந்து அது. ஆகவே பலரை வெளிநோயாளியாகவே வைத்துச் சிகிச்சை அளிக்க முடிந்தது. சி.எம்.எல். என்ற நாள்பட்ட வகைக்கு 2001இல் இமாட்டினிப் மாத்திரை வந்த பின், அதைத் தவறாமல் விழுங்குபவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே முதுமை வரை வாழ்கிறார்கள். ரத்தப் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் இத்தனை வேறுபட்ட வாழ்நாள்கள் இருப்பதற்கு நோயின் மரபணுவே முதற்காரணம் என்றாலும், சிகிச்சை எதிர்ப்பாற்றலை எவ்வளவு நாள் வீழ்த்திப் போடுகிறது என்பதும், அந்த நாட்களில் நோயாளியைச் சுற்றி யார் இருந்தார்கள் என்பதும் அடுத்த காரணங்கள். முதற்காரணத்தை மாற்ற நம்மால் இயலாது. கடைசிக் காரணத்தை ஓர் அரசாணையால் மாற்ற முடியும்.

கீமோ எடுத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது பொருந்தும். முதியவர்களுக்கு வரும் சி.எல்.எல். என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் வகையில், இப்போது சிகிச்சை வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம் என்று மருத்துவர் சொல்லும் காலத்திலேயே, கிருமிகளை அடையாளம் காட்டும் எதிர்ப்புப் புரதங்கள் குறைந்துகொண்டு வருகின்றன. எலும்பு மஜ்ஜையில் உண்டாகும் மைலோமா என்ற புற்றுநோயில், பிரிட்டனில் 1980 முதல் 2002 வரை நடந்த ஆய்வுகளில் சேர்ந்த 3,107 பேரில் 299 பேர் நோய் கண்டறியப்பட்ட 60 நாட்களுக்குள் இறந்தார்கள். அவர்களில் 135 பேரின் மரணத்துக்கு பாக்டீரியாத் தொற்று காரணம். கொரோனாவின் முதல் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஆய்வுகளின்படி, அந்தத் தொற்றுக்கு ஆளான, பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த ரத்தப் புற்றுநோயாளிகளில், பெரியவர்களில் மூவரில் ஒருவர் இறந்தார். நிமோனியாவுக்கும் ஃப்ளூவுக்கும் தடுப்பூசி இருக்கிறது. எப்போது போடுவது என்று மருத்துவரிடம் இவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உயிருள்ள கிருமியால் தயாரிக்கப்படும் தடுப்பூசிகளை மட்டும் தவிர்க்க வேண்டும்.

மலிவான ஒரு பொருள் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. லூகேமியா எனப்படும் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டுகொண்டிருந்த குழந்தைகளை நியூமோசிஸ்டிஸ் என்ற நுண்ணுயிர் உண்டாக்கிய நிமோனியா கொன்றுகொண்டிருந்தது. அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் வால்ட்டர் ஹியூஸ் என்பவர் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்து 1977இல் முடிவை வெளியிட்டார். மாத்திரை பெற்ற குழந்தைகள் ஒருவருக்கும் அந்த நிமோனியா வரவில்லை. பெறாதவர்களில் ஐந்தில் ஒரு குழந்தைக்கு வந்தது. நம் ஊர் மருந்துக் கடைகளில் செப்ட்ரான் என்று சில ரூபாய்க்குக் கிடைப்பது அதே மாத்திரைதான். சத்து டானிக்குக்கும் ‘எதிர்ப்பு சக்தி’ பொடிக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, சும்மா கொடுத்த மாத்திரைதானே என்று இதை நிறுத்திவிட்ட இரண்டு குடும்பங்களை நான் நேரில் அறிவேன். பொடிகளை விற்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். கீமோவுக்குப் பிறகு இறங்கும் வெள்ளையணுக்களை எந்தக் கஷாயமும் ஏற்றியதாக நிரூபிக்கப்படவில்லை. காய்ச்சல் வந்த இரவில், இதைக் குடித்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்ற எண்ணத்தை உண்டாக்குவதே அதன் பெருந்தீங்கு. பச்சைக் காய்கறியும் பழமும் கூடவே கூடாது என்று நோயாளியைப் பட்டினி போடுவதும் நல்லதல்ல, ஏ.எம்.எல். நோயாளிகளிடமே சமைத்த உணவை மட்டும் கொடுத்தும், சமைக்காததைச் சேர்த்துக் கொடுத்தும் ஒப்பிட்டுப் பார்த்ததில் பெருந்தொற்றுகள் குறையவில்லை. நன்றாகக் கழுவி, புதிதாகக் கொடுத்தால் போதும் என்றே எனக்குத் தெரிந்த மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

நம் ஊர் வழக்கம் ஒன்றைப் பற்றியும் எழுத வேண்டும். சின்னம்மை கண்ட வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டி, மருத்துவமனைக்குப் போகாமல் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை காத்திருப்பது நம் மரபு. அந்த நம்பிக்கையை நான் இழித்துப் பேசமாட்டேன்; என் தாயாரும் அப்படித்தான் எங்களை வளர்த்தார். ஆனால் எதிர்ப்பாற்றல் இறங்கிய குழந்தைக்கு அதே அம்மை நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் இறங்கி உயிரைக் குடிக்கும். ஏசைக்ளோவிர் மருந்தை அன்றே தொடங்கினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆகவே தெருவில் கீமோ எடுத்துக்கொள்ளும் பிள்ளை இருந்தால், அம்மை போட்டிருக்கும் வீட்டார் அந்தப் பெற்றோருக்கு அன்றைக்கே சொல்லி அனுப்ப வேண்டும். பெற்றோர் கொப்புளம் வரும்வரை காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டும். வேப்பிலையும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும். கூடவே, ரத்தப் புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி அந்த வீட்டு வாசற்படியை மிதிக்காமல் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: அவர்களிடமிருந்து அந்த நோய் நமக்குத் தொற்றாது, நம்மிடமிருந்துதான் அவர்களுக்குக் கிருமி தொற்றும். சளி இருமல் இல்லாத நாளில் கை கழுவி, முகக்கவசம் அணிந்து போய்ப் பாருங்கள்.

மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் என்று மேலே குறிப்பிட்டேன். அவை நோயாளியின் குடலுக்குள் எப்படி வந்தன என்ற கேள்விக்கு விடை நம் எல்லோருடைய வீட்டு மருந்துப் பெட்டியிலும் இருக்கிறது. சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் சீட்டு இல்லாமல் வாங்கி, இரண்டு நாள் விழுங்கி நிறுத்திய மாத்திரைகள்தான் இந்தக் கிருமிகளைப் பழக்கியிருக்கின்றன. 2012இல் சென்னையில் கூடிய மருத்துவ வல்லுநர்கள் இந்த ஆபத்தை எதிர்கொள்ளும் வழிமுறைகளைச் ‘சென்னைப் பிரகடனம்’ என்ற பெயரில் வகுத்தார்கள்; அது ஒரு புற்றுநோய் மருத்துவ இதழில் வெளியானது மிகவும் பொருத்தம், ஏனெனில் ஆன்டிபயாட்டிக் தோற்றுப்போனால் முதலில் சாகப்போவது கவுண்ட் இறங்கிய நோயாளிகள்தான். 2014 மார்ச் முதல், முக்கியமான ஆன்டிபயாட்டிக்குகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்-1 அட்டவணை விதி நடைமுறையில் இருக்கிறது. எங்கள் கடைவீதியில் அந்தப் பதிவேட்டை நான் பார்த்ததில்லை. பூஞ்சை மருந்தின் நிலை வேறு. 2021இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது ஆம்போடெரிசின் ஊசிக்காக மக்கள் அலைந்ததைத் தங்கள் நாளிதழே எழுதியது. அதே ஊசிக்காக லூகேமியா வார்டு வாசலில் ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் தாலிக்கொடியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

இனி என் வேண்டுகோள். நம் மாநிலத்துக்கு இது முடியாத காரியம் இல்லை என்று துணிந்து சொல்கிறேன். 2023இல் தொடங்கப்பட்ட ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் உள்ளிட்ட முதல் மாத்திரைகளைக் கொடுத்து, அதன் பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இதய நோய் வல்லுநர் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. கீமோ நோயாளியின் காய்ச்சலுக்கும் அதே ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு வட்ட அரசு மருத்துவமனையிலும் அவசரப் பிரிவுச் சுவரில் ஒரு பக்க நெறிமுறை ஒட்டப்பட வேண்டும். முதல் ஆன்டிபயாட்டிக் ஊசி இருபத்துநான்கு மணி நேரமும் இருப்பில் இருக்க வேண்டும். சீட்டு வரிசையில் உட்கார வைக்காமல் நேரே உள்ளே அழைக்க வேண்டும். முதல் ஊசியைப் போட்டுவிட்டு 108 வாகனத்தில் ஏற்றி அனுப்பினால் போதும், மற்றதை அடுத்த மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். பிரிட்டனில் 2012இல் வெளியான அரசு நெறிமுறை, இத்தகைய காய்ச்சலை உடனடியாகச் சிகிச்சை தொடங்க வேண்டிய அவசர நிலையாகவே வகைப்படுத்துகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பொறுத்தவரை, கீமோவுக்கு எவ்வளவு என்று கணக்கிடும்போதே, அதன் பின் வரும் காய்ச்சல் நாட்களையும் பூஞ்சை மருந்தையும் சிகிச்சையின் பிரிக்க முடியாத பகுதியாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். மருந்தைச் செலுத்தி அணுக்களை இறக்குவது பாதிச் சிகிச்சை. ஏறும்வரை காப்பாற்றுவது மறுபாதி.

புற்றுநோய் மருத்துவமனைகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தம்பியின் டிஸ்சார்ஜ் தாளில், காய்ச்சல் வந்தால் உடனே வரவும் என்ற வரி ஆங்கிலத்தில், மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது. அவன் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அதை நான் கண்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எனக்கே அது கண்ணில் படவில்லை என்றால், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்வார்கள்? வீட்டுக்கு அனுப்பும் நாளில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை கவுண்ட் இறங்கியிருக்கும் என்பதை ஒரு நாட்காட்டித் தாளில் வட்டமிட்டுக் கொடுத்து, வெப்பமானியைக் கையில் வைத்துப் படித்துக் காட்டச் சொல்லி, இரவு இரண்டு மணிக்கும் எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண்ணைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் அதற்குப் பத்து நிமிடம் ஆகும்.

தம்பியின் முதலாம் ஆண்டு நினைவுக்கு அன்னதானம் செய்ய வைத்திருந்த பணத்தில், ஒரு மருத்துவரைக் கொண்டு வாசகங்களைச் சரிபார்த்து, உள்ளங்கை அளவுள்ள 1,000 அட்டைகளை அச்சிட்டேன். ஒருபக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். கீமோ எடுத்துக்கொள்பவர்கள் அதைச் சட்டைப் பையில் வைத்திருந்து, அவசரப் பிரிவில் முதலில் யாரைச் சந்திக்கிறார்களோ அவரிடமே நீட்ட வேண்டும். இதுவரை 740 அட்டைகளைக் கொடுத்துவிட்டேன். அதில் உள்ள வாசகத்தைத் தாங்கள் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால், வெட்டி வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு உதவும்:

‘நான் ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை பெற்று வருகிறேன். எனக்குக் காய்ச்சல் 100.4 அல்லது அதற்கு மேல் இருக்கிறது, அல்லது குளிர்நடுக்கம் இருக்கிறது. என் வெள்ளையணுக்கள் மிகக் குறைவாக இருக்கலாம். தொற்றின் வேறு அடையாளம் எதுவும் தெரியாமல் இருக்கலாம். ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு, எந்த முடிவுக்கும் காத்திராமல், ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் தொடங்குங்கள். தசையில் ஊசியும் ஆசனவாய் வழி மருந்தும் வேண்டாம். என் மருத்துவரின் எண் அட்டையின் பின்புறம் உள்ளது. அவரை அழையுங்கள், ஆனால் அவர் எடுக்கும்வரை ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.’

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை